உயிர் காக்கும் உப்பும் சர்க்கரையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு எங்கள் துறைத் தலைவர் கேட்டபோது, என் வகுப்புத் தோழியர் சிலர் விண்வெளிப் பயணம் பற்றியும் அணு ஆற்றல் பற்றியும் எழுத முன்வந்தனர். நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. நம் எல்லார் வீட்டு அடுப்பங்கரையிலும் இருக்கும் உப்பு, சர்க்கரை, தண்ணீர் ஆகிய மூன்றையும் பற்றியது. குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கை, அதாவது நம் ஊர்ப் பேச்சில் பேதியை, எப்படி எதிர்கொள்வது என்பதே இக்கட்டுரை. இதில் என்ன புதுமை இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நானும் சென்ற தீபாவளி வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

வீட்டில் நடந்தது

சென்ற தீபாவளிக்கு என் அக்கா தன் பதினொரு மாதக் குழந்தையுடன் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் குழந்தைக்குப் பேதி கண்டது. காலையிலிருந்து மாலைக்குள் எட்டு முறை போயிற்று. இரண்டு முறை வாந்தியும் எடுத்தான். "பல்லு முளைக்குது, அதான் போவுது" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. தொக்கம் எடுக்க வேண்டும் என்றார்கள் சிலர். எங்கள் ஆயா மட்டும் ஒரே பேச்சாகச் சொன்னாள்: "தண்ணி காட்டாதீங்கடி. வயிறு காயணும். ஊத்தினா ஊத்தினது அப்படியே பீச்சிக்கிட்டுப் போவும்."

ஆயா பொல்லாதவள் அல்லள். ஏழு பிள்ளைகளைப் பெற்றவள். அவள் சொன்னது கேட்பதற்கு நியாயமாகவும் இருந்தது. உள்ளே நீர் போகாவிட்டால் வெளியே நீர் வராதுதானே? அக்கா பால் கொடுப்பதையும் குறைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் குழந்தையின் கண்கள் உள்வாங்கியிருந்தன. அழுதான், ஆனால் கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தது. யாராவது கையில் டம்ளரைப் பிடித்தால் அதையே பார்த்தான்.

நான் அங்கேதான் இருந்தேன். முதலாம் ஆண்டில் சவ்வூடு பரவல் பற்றி மூன்று பக்கம் விடை எழுதிப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தப் பாடத்திற்கும் பாயில் கிடக்கும் குழந்தைக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று யாரிடமும் சொல்லாமல் வெளியே போனாள். பால்வாடிக்குத் தடுப்பூசி போட வந்திருந்த கிராம சுகாதாரச் செவிலியரை, நாங்கள் நர்ஸம்மா என்று அழைப்பவரை, கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் குழந்தையின் வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளிவிட்டுப் பார்த்தார். மடிப்பு உடனே மறையாமல் மெல்ல மறைந்தது. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஆயா மறுத்துப் பேசியபோது அவர் கோபப்படவில்லை. "போறது போகட்டும் ஆயா. போற அளவுக்கு உள்ள ஊத்திக்கிட்டே இருக்கணும். பானை ஓட்டைன்னு தண்ணி ஊத்தாம விட்டா பானை காஞ்சுதானே போகும்?" என்றார். ஒரு தேக்கரண்டி, சற்று நேரம் கழித்து இன்னொரு தேக்கரண்டி என்று அவரே ஊட்டத் தொடங்கினார். நான்கு மணி நேரத்தில் குழந்தை சிறுநீர் கழித்தான். மாலையில் அக்காவின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

கொல்லுவது எது?

வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் பேதி அன்று. பேதியோடு உடலை விட்டுப் போகும் நீரும் உப்புமே ஆகும். இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்தால் இக்கட்டுரையில் பாதி முடிந்துவிட்டது.

பெரியவர் ஒருவரின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர். பிறந்த குழந்தையிடம் இது 75 விழுக்காடு. ஒரு வயதுக் குழந்தையின் எடை ஏறத்தாழ 10 கிலோ என்று கொள்வோம். அது ஒரு லிட்டர் நீரை இழந்தால், தன் எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. மருத்துவ நூல்கள் அதனைக் கடுமையான நீரிழப்பு என்கின்றன. ஒரு லிட்டர் என்பது நம் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர். நமக்கு ஒரு சொம்பு. குழந்தைக்கு அதுவே உயிர்.

அப்படியானால் வெறும் தண்ணீரைக் கொடுத்தால் போதாதா? போதாது. நீரோடு சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளும் வெளியேறுகின்றன. அவற்றையும் ஈடுசெய்ய வேண்டும். மேலும் குடல் நீரை உறிஞ்சுவதற்கே உப்பின் துணை தேவை. இங்கேதான் வேதியியல் வருகிறது.

இரு சாவிக் கதவு

ஊறுகாய்க்கு எலுமிச்சையை நறுக்கி உப்பிட்டு வைத்தால் அது நீர் விடுவதை நாம் அறிவோம். உப்பு மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்கிறது. இதுதான் சவ்வூடு பரவல். குடலிலும் இதுவே நடக்கிறது. குடற்சுவர் உப்பை உள்ளே இழுத்துக்கொண்டால் நீரும் அதன் பின்னாலேயே உள்ளே செல்லும். ஆனால் காலரா போன்ற நோய்களில், கிருமியின் நஞ்சு குடற்சுவரிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே கொட்டச் செய்கிறது. அவ்வேளையில் வெறும் உப்புநீரைக் கொடுத்தால் குடல் அதை ஏற்பதில்லை.

ஆனால் குடற்சுவரில் இன்னொரு கதவு இருக்கிறது. அது திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று சோடியம், மற்றொன்று குளுக்கோஸ். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். அமெரிக்க உயிர்வேதியியலறிஞர் ராபர்ட் கிரேன் 1960-இல் பிராகா நகரில் நடந்த கூட்டத்தில் இதனை எடுத்துரைத்தார். வியப்பு என்னவென்றால், பேதி கடுமையாக இருக்கும்போதும் இந்தக் கதவு பெரும்பாலும் பழுதுபடுவதில்லை. ஆகவே உப்பையும் சர்க்கரையையும் சரியான அளவில் சேர்த்துக் கொடுத்தால் குடல் அவற்றை உறிஞ்சுகிறது; நீரும் உடன் செல்கிறது. கரைசலில் உள்ள சர்க்கரை சுவைக்காக அன்று, உப்புக்குத் துணை போவதற்காகவே.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2002-இல் பரிந்துரைத்த அளவு இது. ஒரு லிட்டர் நீரில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். வேதியியல் மாணவர்கள் ஒரு தாளை எடுத்து மோல் கணக்குப் போட்டுப் பாருங்கள். குளுக்கோஸ் 75 மில்லிமோல் வரும். சோடியமும் 75 வரும். இரண்டு சாவிகளும் சம எண்ணிக்கையில்! நான் விடுதி விளக்கடியில் இக்கணக்கைப் போட்டு முடித்தபோது, பாடப் புத்தகம் முதன்முறையாக எங்கள் வீட்டைப் பற்றிப் பேசுவது போல் இருந்தது.

சர்க்கரை கூடினால் என்ன? குடலுக்குள் அடர்த்தி மிகுந்து, எலுமிச்சை நீர் விடுவது போல, உடலின் நீர் குடலுக்குள் வரும், பேதி அதிகமாகும். கடையில் விற்கும் இனிப்பான புட்டிப் பானங்களையும் பழச்சுவைப் பானங்களையும் பேதிக்குக் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான். பெயர் ஒத்திருக்கிறதே என்று ஏமாறாமல், உறையில் மேற்கண்ட அளவுகள் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஓர் அகதி முகாமில்

ஆய்வுக்கூடத்தில் கண்ட இவ்வுண்மை மக்களிடம் மெய்ப்பிக்கப்பட்ட வரலாறு நம் நாட்டில்தான் நிகழ்ந்தது. 1971-இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்திற்குள் வந்தனர். போங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்குப் பணியாற்றிய டாக்டர் திலீப் மகாலனாபிஸ், உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றைக் கலந்த நீரைப் பெரிய பாத்திரங்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரையே ஊட்டச் செய்தார். மருத்துவப் பயிற்சி இல்லாத தாய்மார்களும் தந்தைமார்களும் டம்ளரால் மொண்டு கொடுத்தனர். முன்பு நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த இறப்பு, அவர் பொறுப்பிலிருந்த நோயாளிகளிடையே நூற்றுக்கு நான்குக்கும் கீழே குறைந்தது.

இம்முறையை இந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என 1978-இல் இங்கிலாந்தின் 'லான்செட்' இதழ் தலையங்கம் எழுதியது. 1980-களில் வங்காளதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரல் கிள்ளு உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் கரைக்கும் முறையை ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் கற்றுக்கொடுத்தனர். மகாலனாபிஸ் 2022-இல் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

செய்ய வேண்டியவை

இனி, வீட்டில் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, பேதி தொடங்கியவுடனேயே கரைசலைக் கொடுக்கத் தொடங்க வேண்டும். கண் குழிவிழும் வரை காத்திருக்கக் கூடாது. பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டர் பொட்டலமா, சிறிய பொட்டலமா என்று உறையைப் படித்து, அதில் சொன்ன அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். நீர் காய்ச்சி ஆறியதாக இருப்பது நலம். கரைத்ததை 24 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, பொட்டலம் கைக்கு வரும் வரை வீட்டிலேயே கரைக்கலாம். ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய சிறு தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கரைத்ததும் ருசி பார்க்க வேண்டும். கண்ணீரை விட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மீண்டும் கரைக்க வேண்டும். உப்பு மிகுவதும் குழந்தைக்கு ஆபத்தே.

மூன்றாவது, ஒவ்வொரு முறை பேதி ஆன பிறகும் இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி கொடுக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றாமல் கரண்டியால் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்னிலும் மெதுவாகத் தொடர வேண்டும்.

நான்காவது, தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. கஞ்சி, குழைந்த தயிர்ச்சோறு, இட்லி, வாழைப்பழம் என வழக்கமாக உண்பதையும் கொடுக்கலாம். குடலைப் பட்டினி போடுவதால் பேதி நிற்பதில்லை, குழந்தைதான் மெலிகிறது.

ஐந்தாவது, துத்தநாக மாத்திரை. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம் என 14 நாட்கள் தர வேண்டும். பேதி நின்ற பிறகும் நாட்களை முழுமையாக்க வேண்டும். பெரியவர்கள் விழுங்கும் பேதி நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுப்பது தவறு.

மருத்துவமனைக்கு எப்போது?

குழந்தை எரிச்சலோடு அழுவதும், கண் குழிவதும், தாகத்தோடு ஆவலாய்க் குடிப்பதும், கிள்ளிய தோல் மெல்ல மறைவதும் நீரிழப்பின் அறிகுறிகள். இவை தெரிந்தால் கரைசலை ஊட்டிக்கொண்டே சுகாதார நிலையம் செல்ல வேண்டும். குழந்தை துவண்டு மயங்கிக் கிடந்தாலோ, குடிக்கவே முடியாமற் போனாலோ, கிள்ளிய தோல் இரண்டு வினாடிக்கு மேலும் மடிப்பாகவே நின்றாலோ ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். அந்நிலையில் நரம்பு வழியாகத்தான் நீர் ஏற்ற வேண்டியிருக்கும். மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், ஓயாத வாந்தி, ஆறு மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் இல்லாமை, இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குப் பேதி, இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

தொக்கம் எடுப்பதும் மந்திரிப்பதும் பற்றி நர்ஸம்மா ஒன்று சொன்னார்: "அங்க போயிட்டு வர்ற நேரத்துலதான் புள்ள காயுது." நம்பிக்கையை அவர் ஏளனம் செய்யவில்லை, கடிகாரத்தைக் காட்டினார். பல் முளைப்பதற்கும் பேதிக்கும் தொடர்பில்லை என்றும் சொன்னார். அந்த வயதில் குழந்தை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது; கிருமி அவ்வழியே செல்கிறது.

வருமுன் காப்பதற்கு வழிகள் உண்டு. மலம் கழுவிய பின்னும், சோறூட்டும் முன்னும் சோப்பால் கை கழுவுதல் ஒன்று. காய்ச்சிய நீர் ஒன்று. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே தருவது ஒன்று. குழந்தைகளின் கடும் பேதிக்கு முக்கியக் காரணமான ரோட்டா வைரசுக்கு இப்போது தடுப்பு மருந்து உண்டு. நம் மாநிலத்தில் 2017 முதல் 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசே இலவசமாக அளிக்கிறது. இந்தியாவில் உருவான ரோட்டா தடுப்பு மருந்தின் ஆய்வில் அப்போது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் ககன்தீப் காங் முக்கியப் பங்காற்றினார் என்பது நமக்குப் பெருமை.

அம்மா கேட்ட கேள்வி

குழந்தை தேறிய அன்றிரவு எல்லாரும் உறங்கிய பின் அம்மா என்னிடம் பேசினாள். எனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது மட்டும் தெரியும். ஒரு வயதில் இறந்துவிட்டான் என்பார்கள். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. "அவனுக்கும் இதேதான். ரெண்டு நாளு தண்ணி காட்டல. நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டான். பெரியவங்க சொன்னாங்கன்னு நான் குடுக்கல" என்றாள். சற்று நேரம் கழித்து, "அன்னைக்குக் குடுத்திருந்தா இருந்திருப்பானா?" என்று கேட்டாள்.

காலையில் அவள் ஏன் யாரிடமும் சொல்லாமல் ஓடினாள் என்று அப்போதுதான் விளங்கியது.

என்னால் விடை சொல்ல இயலவில்லை. அண்ணன் இறந்தது 1999-இல். போங்காவ் முகாமில் டாக்டர் மகாலனாபிஸ் கரைசலை ஊட்டியது 1971-இல். இடையே இருபத்தெட்டு ஆண்டுகள். உண்மை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது, பொட்டலமும் இருந்தது, எங்கள் தெருவிற்கு அதைச் சொல்ல ஆள் வரவில்லை. "உனக்கு யாரும் சொல்லலம்மா. தப்பு உன்னுதில்ல" என்று மட்டும் சொன்னேன். அது முழு விடை அல்ல என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் தலையை ஆட்டினாள்.

இன்று எங்கள் வீட்டு மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில், இரண்டு பொட்டலங்கள் எப்போதும் இருக்கின்றன. மல்லாட்டைக் கொல்லையில் களைப்பாறும்போது அம்மா மற்றப் பெண்களுக்கு, ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு என்று விரலை மடக்கிச் சொல்கிறாளாம். எழுத்தறியாத அவள் செய்வதைப் படித்த நான் அதற்கு முன் செய்யவில்லை.

நண்பர்களே, இக்கல்லூரியில் என்னைப் போல் வீட்டிற்கு முதல் பட்டதாரியாக ஆகப்போகிறவர்கள் பலர். நம்மைப் படிக்க அனுப்பிய வீடுகளில் இன்னும் பேதிக்குத் தண்ணீர் நிறுத்துகிறார்கள். வரும் விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு பொட்டலத்தை வாங்கிச் சென்று, அதை எப்படிக் கரைப்பது என்று உங்கள் வீட்டிலும் எதிர் வீட்டிலும் ஒரு முறை செய்து காட்டுங்கள். பத்து நிமிடம் போதும். நாம் தேர்வுக்காகப் படித்த சவ்வூடு பரவல் அன்றுதான் முழுமையாகப் படித்ததாகும்.